இரண்டு காலும் ஒரே அளவு

மகரந்தா கார்மெண்ட்ஸில் வீக்கத்தை அடியோடு ஒழித்துவிட்டார்கள். நம்பாதவர்கள் மைசூருக்கு வந்து குப்புசாமியின் காலைப் பார்த்துக்கொள்ளலாம். எந்தக் காலை என்று மட்டும் கேட்கக்கூடாது. அதைச் சொல்லத்தான் இத்தனை பாடு.

குப்புசாமி அங்கே ஃபினிஷிங் பிரிவில் அயர்ன் மாஸ்டர். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். தைத்து முடித்த சட்டைகளை நாள் முழுக்க நின்றபடியே நீராவிப் பெட்டியால் தேய்த்துத் தள்ளவேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. உட்கார்ந்து தேய்த்தால் மடிப்பு நேராக விழாது என்பது கம்பெனியின் கண்டுபிடிப்பு. செருப்பும் கிடையாது, சட்டைக்குத் தூசி ஆகாதாம். ஐம்பதைத் தாண்டியவர், உடம்பில் சர்க்கரை வேறு. பாதத்தில் உணர்ச்சி பாதி போய்விட்டது. ஒருநாள் பெட்டி கைநழுவி வலது கால் கட்டைவிரலில் விழுந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. பக்கத்து டேபிள்காரன், "என்னமோ கருகுற வாசம் வருதே" என்ற பிறகுதான் குனிந்து பார்த்தார்.

இரண்டு நாளில் புண் சீழ் கட்டி, பாதம் பன்னு மாதிரி உப்பிவிட்டது. டிஸ்பென்சரிக்குப் போய் ஜோவிதாவிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று குப்புசாமி கிளம்பினார். ஜோவிதா கம்பெனி நர்ஸ். அவள் எழுதித் தரும் சீட்டுக்கு மந்திரசக்தி உண்டு. அதைக் காட்டினால் வேலை நேரத்தில் கேட்டைத் திறந்துவிடுவார்கள். இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்வார்கள். படுத்துக்கிடக்கும் நாளுக்குச் சம்பளமும் வரும். சீட்டு இல்லாமல் நாலு நாள் வராமல் போனால் அஞ்சாம் நாள் அந்த டேபிளில் வேறொருவன் நிற்பான்.

குப்புசாமி நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது டிஸ்பென்சரி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மாத்திரை அலமாரியை வெளியே கடாசியிருந்தார்கள். அது இருந்த இடத்தில் அன்னாசியும் பப்பாளியும் சீத்தாப்பழமும் கூடை கூடையாக உட்கார்ந்திருந்தன. மேலே 'வீக்கமில்லா வளாகம்' என்று பானர். கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு மாணிக்கவாசகம்.

மாணிக்கவாசகம் திருப்பூரிலிருந்து தருவிக்கப்பட்ட ஊழியர் நலத்துறைத் தலைவர். நம் சட்டையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், 'உங்கள் தொழிலாளர்களுக்குக் கைகால் வீக்கம் அதிகமாமே' என்று கேட்டிருந்தார்கள். அதே சமயம் பார்த்து, முதலாளியின் குண்டலுபேட்டைத் தோட்டத்துப் பழங்களை அடிபட்ட சரக்கு என்று மண்டிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த இரண்டு தலைவலியையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து மாணிக்கவாசகம் ஒரு திட்டம் செய்திருந்தார்.

"தோழர்களே!" என்று அவர் முழங்கினார். "வீக்கம் என்பது என்ன? உடம்பு தன் எல்லையை மீறுவது. அதாவது ஒழுங்கீனம். ஒழுங்கீனத்தை மேனேஜ்மெண்ட் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் நாங்கள் தண்டிக்கவில்லை, பழம் தருகிறோம்! அன்னாசியில் ப்ரோமெலைன் இருக்கிறது. பப்பாளியில் பப்பைன் இருக்கிறது. சீத்தாப்பழத்தில் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் படிக்கவில்லை, ஆனால் அதிலும் இருக்கிறது. எங்கோ ஆராய்ச்சியில் எலிகளுக்கே வீக்கம் குறைந்திருக்கிறது. எலிக்குக் குறைவது உங்களுக்குக் குறையாதா? உங்களை நான் அவ்வளவு மட்டமாக நினைக்கவில்லை!"

எல்லாரும் கைதட்டினார்கள். குப்புசாமியும் தட்டினார். பெரிய மனுஷர் பேசினால் தட்டவேண்டும்.

ஜோவிதா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சார், பழம் நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா புண்ணு, சீழுன்னு வர்றவங்களுக்குப் பழம் மருந்தாகாது சார். சுகர் இருக்கிறவங்க இந்த அளவு சாப்பிடவே கூடாது."

"சிஸ்டர், கடையில் விற்கிறதுதான் சர்க்கரை. மரத்தில் இருப்பது இயற்கை," என்றார் மாணிக்கவாசகம். "அந்த மரம் முதலாளியுடையது. நீங்கள் இப்போது யாரைச் சந்தேகப்படுகிறீர்கள்?"

ஜோவிதா வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி நாலு பேர் இருந்தார்கள். அன்று மத்தியானமே அவளுக்குப் 'பழ ஆலோசகர்' என்று பதவி மாற்றம் வந்தது.

குப்புசாமி காலைக் காட்டிச் சீட்டுக் கேட்டார். மாணிக்கவாசகம் காலைப் பார்க்கவில்லை, சீட்டு என்ற சொல்லைத்தான் முறைத்தார். "முதலில் பழம். பழம் கைவிட்டால்தான் சீட்டு."

"கைவிட்டுதுன்னு எப்படித் தெரியுமுங்க சார்?"

"பழம் கைவிடாது. நான்தான் இப்போது மேடையில் சொன்னேனே!"

குப்புசாமிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எங்கேயோ இடிக்கிற மாதிரியும் இருந்தது.

வீக்கத்தை அளக்க ஆள் வேண்டுமே? ஃபினிஷிங் பிரிவின் செக்கர் லெஸ்லியைப் போட்டார்கள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப். சட்டையின் இடது கையையும் வலது கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பான். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் 'பாஸ்' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவான். ஒன்று நீண்டுவிட்டால் பிரித்துத் தைக்கச் சொல்லி ஆல்ட்டருக்கு அனுப்புவான். இது தவிர உலகத்தில் அவனுக்கு வேறு சோதனை தெரியாது.

"குப்பண்ணா, உங்க காலுக்கு ஒரிஜினல் சாம்பிள் எல்லி?" என்று டேப்பை நீட்டிக்கொண்டு கேட்டான்.

குப்புசாமி திருதிருவென்று விழித்தார். "சாம்பிள் எங்க இருக்கும்? இன்னொரு கால்தான் சாம்பிள்!" என்றாள் ஜோவிதா எரிச்சலில். லெஸ்லி அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை, விதியாக எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து மகரந்தா கார்மெண்ட்ஸில் ஒரு காலுக்கு இன்னொரு கால் அளவு. வலது பாதம் இடதைவிட ஒண்ணரை இஞ்சு பெரிசு. ஆல்ட்டர்.

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பழத்தட்டை முதல் தடவை கையில் வாங்கியபோது குப்புசாமிக்குச் சந்தோஷமாக இருந்தது. சர்க்கரை வந்த நாள்முதல் அவர் மனைவி சுலோசனா பழக்கடை இருக்கும் தெரு வழியாகக்கூட அவரைக் கூட்டிப்போனதில்லை. அவருக்கோ சீத்தாப்பழம் என்றால் உயிர். அதை இப்போது கம்பெனியே பிளந்து தட்டில் வைக்கிறது, "ஊம், சாப்பிடுங்க" என்று மேலதிகாரியே எதிரில் நின்று மிரட்டுகிறார். மேலிடத்து உத்தரவு, நாம் என்ன செய்ய முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு தின்றார். ஹாலில் கொட்டையைத் துப்ப இடமில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கொட்டைதான் காட்டிக்கொடுத்தது. துணி துவைக்கும்போது பையிலிருந்து கறுப்புக் கறுப்பாகக் கொட்டியதைப் பார்த்துச் சுலோசனா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? சின்னக் கொழந்தையாட்டம் ஒளிச்சு வெச்சுத் திங்கறீங்க!"

"நானா திங்கல சுலோ. மருந்துன்னு சொல்லிக் குடுத்தாங்க. வீக்கத்துக்கு."

"வீக்கம் கொறைஞ்சுதா?"

குப்புசாமி காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். தண்ணீர் தாகம் எடுத்தபடியே இருந்தது. பாத்ரூமுக்கு நடை நடையென்று நடந்தார். சுலோசனா ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறவள், இப்படி எத்தனையோ வியாதியைப் பக்கத்தில் பார்த்தவள். "எல்லாத்தையும் விட்டுப்போட்டு நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க" என்று கையைப் பிடித்தாள்.

"அங்க படுக்கப் போட்டுட்டாங்கன்னா? வேலை போயிருமே. இந்த வயசுல எவன் என்னைச் சேத்துக்குவான்?"

அவள் பிடித்த கையை விட்டாள். வீட்டு வாடகை அவர் சம்பளத்தில்தான் போனது.

மறுநாள் அவளே கம்பெனி வாசலில் போய் நின்றாள். நல்லவேளையாக மாணிக்கவாசகம் உள்ளே வரச் சொன்னார். அவருக்குத் தன் பேச்சைக் கேட்க ஆள் கிடைத்தால் போதும்.

"அவருக்குச் சர்க்கரைங்க. கால் அழுகுதுங்க. ஒரு சீட்டுக் குடுத்தீங்கன்னா நான் கூட்டிட்டுப் போயிக்கறனுங்க."

"அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நான் தினமும் பப்பாளி சாப்பிடுகிறேன். என் காலைப் பாருங்கள்," என்று ஷூவை நீட்டினார். "வீக்கம் இருக்கிறதா? இல்லை. நான் ஏசி ரூமில் உட்கார்ந்தே வேலை செய்கிறேன், எனக்கே இவ்வளவு பலன். நாள் முழுக்க நிற்கிறவருக்கு எவ்வளவு இருக்கும்! இந்த வளாகத்தில் சீட்டுக் கொடுத்தால் வீக்கம் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. வீக்கம் இல்லை என்று ஏற்கெனவே வெளிநாட்டுக்கு எழுதிவிட்டோம். அவர்களிடம் நான் பொய் சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள்."

சுலோசனா வாசலைப் பார்த்து நடந்தாள். போகும்போது அவள் கையில் ஒரு பப்பாளியைத் திணித்து அனுப்பினார்கள். பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில் அதை வீசிவிட்டு அழுதாள்.

லெஸ்லி விடாமல் அளந்தான். ஒண்ணரை இஞ்சு இரண்டு இஞ்சாயிற்று. மேலே தகவல் போனதும் தட்டுக் கனத்தது. காலையில் அன்னாசி, சாப்பாட்டுக்குப் பதில் பப்பாளி, சாயந்திரம் சீத்தாப்பழம். அந்தப் பழத்தின் வாசம் வந்தாலே குப்புசாமிக்கு இப்போது குமட்டியது. ஆனால் சாப்பிடாவிட்டால் 'நலத்திட்டத்துக்கு ஒத்துழைக்க மறுத்தவர்' என்று பெயர் வருமாம். முழுங்கினார். கட்டைவிரல் கறுத்துவிட்டது. ஈ மொய்த்தது. பழம் இருக்கிற இடத்தில் ஈ வரத்தானே செய்யும் என்றார்கள்.

அப்புறம்தான் அந்த அற்புதம் நடந்தது. தசரா நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் லெஸ்லி டேப்பைச் சுற்றினான், முகம் மலர்ந்தான், மறுபடி சுற்றினான். இரண்டு காலும் ஒரே அளவு! கால் இஞ்சுகூட வித்தியாசம் இல்லை.

"ஆயித்து குப்பண்ணா! பாஸ் ஆயிட்டீங்க!" என்று கத்தி, பாதத்தில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினான். ஹாலில் மணி அடித்தார்கள். மாணிக்கவாசகம் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வலது கால் வற்றவில்லை. இடது காலும் வீங்கிவிட்டது.

ஜோவிதா அந்த இடது காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தின இடம் குழியாகவே நின்றது. "அண்ணா, இது குணமில்ல. கிட்னி வரைக்கும் போயிருச்சு போல இருக்கு. சத்தியமா சொல்றேன், தயவுசெஞ்சு ஓடிப்போயிடுங்க."

"லெஸ்லி பாஸ் பண்ணிட்டாரேம்மா," என்றார் குப்புசாமி. அவர் முகமும் உப்பியிருந்தது. "குணமான ஆளுக்குச் சீட்டு எப்படிக் கேக்கறது?"

அவளே மாணிக்கவாசகத்திடம் போய்க் கேட்டாள். ஒரு கால் வீக்கம், இரண்டு கால் வீக்கம் என்று விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "சிஸ்டர், இரண்டு சட்டைக்கையும் ஒரே அளவில் நீளமாக இருந்தால் அதை வீக்கம் என்பீர்களா, சைஸ் என்பீர்களா? அவர் பெரிய சைஸ் மனிதர். அவ்வளவுதான்."

ஆயுதபூஜை வந்தது. அன்று ஒருநாள் மட்டும் தொழிலாளர் குடும்பங்களைக் கம்பெனிக்குள் விடுவார்கள். தையல் மெஷினுக்கெல்லாம் சந்தனப்பொட்டு, ஜெனரேட்டருக்கு மாலை, வாசலில் உடைத்த பூசணிக்காய். ஊரில் தசரா ஊர்வலத்துக்கு அலங்கார வண்டி விடுகிறார்களே, அதுபோல நமக்கும் ஒன்று வேண்டும் என்று மாணிக்கவாசகம் ஆசைப்பட்டார். துணி ரோல் தள்ளும் இரும்புத் தள்ளுவண்டியைச் சுற்றி அன்னாசித் தோரணம் கட்டி, நடுவில் நாற்காலி போட்டு, குப்புசாமியை அதில் உட்காரவைத்தார்கள். இத்தனை காலத்தில் கம்பெனி அவருக்குக் கொடுத்த முதல் நாற்காலி அது. இரண்டு காலையும் முன்னால் ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து, பச்சை ஸ்டிக்கரைப் புதிதாக ஒட்டி, சாமந்தி மாலை போட்டார்கள். வலது காலுக்கு மட்டும் மாலை கனமாக, கட்டைவிரலை மறைக்கிற மாதிரி. நாற்றத்துக்கு ஊதுபத்தி. அதற்கு மைசூரில் பஞ்சமா?

"இதோ பாருங்கள் சரிசமமான இரண்டு கால்கள்!" என்று மைக் அலறியது. "இவர் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை! ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை! இவருக்காகக் கம்பெனி ஒரு பைசா செலவு செய்யவில்லை! இதுதான் ஆரோக்கியம்!"

கூட்டத்தில் நின்ற சுலோசனாவுக்குப் பேச்சு ஒன்றும் காதில் ஏறவில்லை. நாற்காலியில் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உதடு நடுங்கியது. அந்த வெயிலில் அவருக்குக் குளிர்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கூட்டத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டு வண்டியிடம் போனாள். நெற்றியைத் தொட்டால் கை பொசுங்கியது.

"ஏனுங்க! ஏனுங்க, என்னைப் பாருங்க!"

"கை தட்டுறாங்களா சுலோ?" என்றார் அவர் கண் திறக்காமல்.

"இறக்குங்க இவரை!" என்று அவள் கத்தினாள். நன்றியுரை முடியும்வரை காட்சிப் பொருளைத் தொடக்கூடாது என்று இரண்டு பேர் தடுத்தார்கள். ஜோவிதா அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். வந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். "அக்கா, இறக்க வேணாம். அப்படியே தள்ளுங்க," என்றாள்.

தள்ளினார்கள். அலங்கார வண்டி நகர்ந்ததும் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. கேட்டில் செக்யூரிட்டி சென்னிமலை நின்றிருந்தார். "பாஸ் இல்லாம யாரும் வெளிய போகக்கூடாதே," என்று இழுத்தார்.

"தசரா ஊர்வலம் வெளிய போகாம உள்ளயேவா சுத்தும்? கால்ல பாருங்க, பாஸ் ஒட்டியிருக்கு!" என்றாள் ஜோவிதா.

சென்னிமலை பச்சை ஸ்டிக்கரைக் குனிந்து படித்தார். திருப்தியாயிற்று. ஆனாலும் ஆயுதபூஜை அன்று வண்டி சும்மா வெளியேறக்கூடாதென்று, நாலு எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்துவந்து சக்கரத்துக்கொன்றாக வைத்தார். ஒன்று உருண்டு ஓடியது. அதை மறுபடி எடுத்து வைத்தார். சுலோசனா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் கேட்டை அகலத் திறந்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் மாலையை விலக்கிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கத்தினார்.

"பழம் தின்னுட்டு இருந்தாருங்க," என்றாள் சுலோசனா.

அன்று ராத்திரியே வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. கிட்னியைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமுடியாது என்றார்கள். தள்ளுவண்டி ஒன்றை அனுமதியின்றி வெளியே கொண்டுபோன குற்றத்துக்காக ஜோவிதாவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

சில நாள் கழித்து மாணிக்கவாசகம் பெரிய பழக்கூடையோடு வார்டுக்கு வந்தார். கூடவே லெஸ்லி, கழுத்தில் டேப். சுலோசனா எழுந்திருக்கவில்லை, கட்டிலோரம் உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

"சார்," என்று குப்புசாமி கையைக் கூப்பினார். "இப்பவாச்சும் அந்தச் சீட்டுக் கெடைக்குமுங்களா?"

"சீட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு. நீங்கள்தான் ஏற்கெனவே வந்துவிட்டீர்களே!" என்று அவர் செல்லமாகக் கடிந்துகொண்டார். "லெஸ்லி, கடைசி அளவு எடுத்துவிடு. வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும்."

லெஸ்லி இடது காலை அளந்தான். வழக்கப்படி அடுத்த காலுக்கு டேப்பைக் கொண்டுபோனான். அங்கே விரிப்பு தட்டையாகக் கிடந்தது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது. "சார், ஜோடி இல்ல. ஒத்தைப் பீஸ்," என்றான் மெல்ல. "ஒத்தைப் பீஸ்னா ரிஜெக்ட்தான் சார்."

"அது ஃபினிஷிங்குக்கு. ஃபினிஷிங்கில் ரிஜெக்ட் என்று போடு, நிற்க முடியாதவர் அங்கே எதற்கு? ஆனால் நலத்துறைக்குப் பாஸ். ஒப்பிட இன்னொன்று இல்லை என்றால் வித்தியாசம் ஏது? வித்தியாசம் இல்லை என்றால் வீக்கம் ஏது?" மாணிக்கவாசகத்தின் குரல் கனிந்துவிட்டது. "மனிதரே, நீங்கள் எங்களுக்கு நூறு சதவீத வெற்றி."

"ஆனா சார்," என்றார் குப்புசாமி, தயங்கித் தயங்கி. பெரிய மனுஷரிடம் குறை சொல்கிறோமே என்ற கூச்சம் அப்போதும் அவருக்குப் போகவில்லை. "எடுத்த கால்தானுங்க, அது இன்னும் வீங்கியே இருக்கறாப்புல வலிக்குதுங்க. முன்ன வலிச்சதே இல்லீங்க. இப்பத்தான் வலிக்குது."

லெஸ்லி மாணிக்கவாசகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். லெஸ்லி குனிந்து, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் விரிப்பின்மேல் டேப்பை வைத்து அளந்தான். பூஜ்யம். சட்டைப்பையிலிருந்து பச்சை ஸ்டிக்கர் ஒன்றை எடுத்தான். ஒட்ட இடம் தேடினான். கடைசியில் அந்த விரிப்பின்மேலேயே ஒட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் ஒட்டினான்.

சுலோசனா எழுந்தாள். ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி எடுத்தாள். மாணிக்கவாசகத்தின் எதிரில் போய் நின்று, அவருடைய தேய்த்த சட்டையின் நெஞ்சில் அதை வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

"இதை நீங்களே வெச்சுக்கங்க," என்றாள். "உங்களுக்குத்தான் ரெண்டு காலும் ஒரே அளவா இருக்குது."